இல்லாத வால்நட் மரத்துக்கு மூன்று வருடப் பராமரிப்பு

கெர்லிண்டே ஓல்கெர்ஸுக்குச் சொந்தமாக ஒரு வீடுகூடக் கிடையாது. ஆனால் ஹில்டஸ்ஹைம் நகரத்தில் பதினான்கு வாடகைக் கட்டடங்களுக்குத் தண்ணீர், குப்பை, புகைபோக்கி, மாடிப்படி விளக்கு என்று எந்தப் பில் வந்தாலும் அவள் மேஜைக்குத்தான் வந்து சேரும். அறுபத்து மூன்று வயது. இருபத்தாறு வருடமாக இதே வேலை. வாசல் பலகையில் ‘வீட்டு நிர்வாகி’ என்றிருக்கும். வீட்டுக்காரர்கள் அவளைக் குடித்தனக்காரர்களின் ஆள் என்பார்கள். குடித்தனக்காரர்கள் வீட்டுக்காரரின் ஆள் என்பார்கள். இரண்டு பக்கமும் திட்டு விழுந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று எடுத்துக்கொள்வாள்.

புதிதாக வருகிற வீட்டுக்காரருக்கு ஒரு காகிதம் கொடுப்பாள். நான்கே வரி. ‘பில்லில் எழுதியிருப்பதை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்க மாட்டேன். கெடு தாண்ட விட மாட்டேன். அசல் ரசீதை எப்போது கேட்டாலும் காட்டுவேன். தப்பு நடந்தால் அதை முதலில் என் வாயால்தான் கேட்பீர்கள்.’ இதற்கு மேல் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்பதைக் காகிதத்தில் எழுதவில்லை. அது முகத்திலேயே இருக்கும்.

முதல் வரி சும்மா அழகுக்கு எழுதியது அல்ல. மாடி விளக்கு மாற்றியதாகப் பில் வந்தால் போய் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பாள். ஒருமுறை பனி வாரியதற்கு வந்த பில்லை, அந்த வாரம் முழுக்க மழைதான் பெய்தது என்று வானிலை அறிக்கையோடு சேர்த்துத் திருப்பி அனுப்பினாள். கண்ணால் பார்த்த பிறகுதான் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரை விழும்.

பதினான்கில் ஒன்று ஆர்ன்ட் டெட்மருடையது. ஆறு குடித்தனம். அப்பா விட்டுப்போன சொத்து. டெட்மர் கீல் நகரத்தில் பல் வைத்தியர். அந்தக் கட்டடத்தை வருடத்துக்கு ஒருமுறை நினைப்பார். அந்த நவம்பரில் நினைத்துக்கொண்டு ஃபோன் செய்தார்.

“ஃப்ராவ் ஓல்கெர்ஸ், ஒரு ஆன்லைன் கம்பெனிக்காரங்க பேசினாங்க. நீங்க வாங்குறதுல பாதிக்குச் செய்றாங்களாம். எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பாத்துக்குமாம்.”

“சரி.”

“பழைய பில்லுங்க இருந்தா குடுங்க, இலவசமா சோதிச்சுத் தர்றோம்னாங்க. நீங்க வருஷா வருஷம் அனுப்புற நகலைக் குடுத்திருக்கேன். மாசக் கடைசில முடிவு சொல்றேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

“எடுத்துக்கல,” என்றாள். எடுத்துக்கொண்டாள். மற்ற கட்டடங்களில் நான்கு டெட்மரின் சித்தப்பா, அத்தை வகையறாவுடையவை. இவர் போனால் அவர்களும் பின்னாலேயே போவார்கள். ஐந்து கட்டடம் போனபின் அலுவலக வாடகைக்கே கட்டுப்படியாகாது. ஓய்வூதியத்துக்கோ இன்னும் நான்கு வருடம் இருந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை லாம்பே வந்தார். டெட்மர் கட்டடத்தில் இரண்டாம் மாடி. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பில்களைக் குடித்தனங்களுக்குப் பங்கு பிரித்த வருடக் கணக்கு வந்ததும் அலுவலகத்துக்குப் போய் ரசீதுகளைப் பார்க்கக் குடித்தனக்காரர் எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆறு குடித்தனத்தில் பத்தொன்பது வருடமாக அதைப் பயன்படுத்துகிற ஒரே ஆள் அவர்தான். பிளாஸ்கில் காபி, பையில் ஒரு மர ஸ்கேல். ஒவ்வொரு வரிக்கும் கீழே ஸ்கேலை வைத்துப் படிப்பார். ஒரு தப்புகூடக் கிடைத்ததில்லை. ஒவ்வொரு வருடமும் லேசான ஏமாற்றத்தோடுதான் எழுந்து போவார்.

அன்றும் ஸ்கேல் வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு பக்கத்தை ஸ்கேல் வைக்காமலே புரட்டினார்.

“ஹெர் லாம்பே, ஒரு பக்கத்தை விட்டுட்டீங்க.”

“பாத்தாச்சு.”

“ஸ்கேல் வைக்கலையே.”

“கண்ணு பழகிடுச்சு.”

கெர்லிண்டே கையை நீட்டிப் பக்கத்தைத் திருப்பினாள். தோட்டப் பராமரிப்புப் பில். ‘பின்முற்ற வால்நட் மரம்: கிளை கழித்தல், சருகு அள்ளுதல்.’ அதற்குக் கீழே அவளுடைய முத்திரை, அவளுடைய கையெழுத்து.

“இதுல என்ன?”

லாம்பே பிளாஸ்கின் மூடியை நிதானமாகத் திருகினார். “அந்த மரம் இல்லையே.”

“எப்பலேர்ந்து?”

“மூணு வருஷம் ஆச்சு. பிப்ரவரிப் புயல்ல விழுந்துச்சு. தீயணைப்புக்காரங்க வந்து அறுத்து எடுத்துட்டுப் போனாங்க. நீங்க அப்ப ஆஸ்பத்திரியில இருந்தீங்க.”

முட்டி ஆபரேஷன். அதற்குப் பிறகு அவள் அந்தக் கட்டடத்துக்குப் போகாமல் இல்லை. ஆனால் பின்முற்றத்துக்குக் கைப்பிடி இல்லாத ஒன்பது படி இறங்க வேண்டும். மேல்படியில் நின்று எட்டிப் பார்த்தால் சுவருக்கு மேலே பச்சைக் கிளைகள் தெரியும். மரம் இருக்கிறது என்று வந்து முத்திரை குத்தினாள். அது பக்கத்து வீட்டு மரம். படி இறங்க முடியவில்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை; தனக்கேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

“மூணு வருஷமா தெரிஞ்சே பேசாம இருந்தீங்களா?”

“என் பங்குக்கு வருஷத்துக்கு முப்பத்தோரு யூரோ. போனாப் போகுது. நான் வாயைத் திறந்தா டெட்மர் காதுக்குப் போகும், அவர் உங்களை மாத்திடுவார். அப்புறம் நான் யார்கிட்ட வந்து ரசீது பாக்குறது? கம்ப்யூட்டர்கிட்டயா?”

“உங்க சர்வீஸ்ல டிக்கெட் இல்லாத ஆளை விட்டிருக்கீங்களா?”

“ஒருத்தனைக்கூட விட்டதில்ல.”

“என்னை விட்டுட்டீங்க.”

லாம்பே ஸ்கேலைப் பைக்குள் வைத்தார். கெர்லிண்டேவுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அவர்மேல் கோபமாக இருந்தது. தப்பு இருந்தால் இந்த மனிதர் கண்ணில் படும் என்ற பயத்தில்தான் அந்தக் கட்டடத்து ஃபைலை அவள் அத்தனை சுத்தமாக வைத்திருந்தாள்.

“இந்த மாசம் மட்டும் பேசாம இருங்க,” என்றார் லாம்பே, கதவருகே நின்று. “டெட்மர் முடிவு சொல்லட்டும். ஜனவரில சத்தமில்லாம சரி பண்ணிடலாம். நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

புத்திசாலித்தனமான யோசனைதான். அன்று முழுவதும் அதை நல்ல யோசனை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை டெட்மர் கட்டடத்துக்குப் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து, ஒன்பது படியையும் இறங்கினாள். பத்து நிமிடம் ஆயிற்று. கீழே அடிக்கட்டை பாசி பிடித்துக் கிடந்தது. அதன்மேல் யாரோ பூந்தொட்டி வைத்திருந்தார்கள். செடி நன்றாகவே வளர்ந்திருந்தது.

அலுவலகம் திரும்பி டெட்மருக்குக் கடிதம் எழுதினாள். ‘மூன்று வருடமாக இல்லாத மரத்தின் பராமரிப்புக்குப் பார்க்காமலே முத்திரை குத்தியிருக்கிறேன். என் முட்டி காரணம்தான், சாக்கு அல்ல. தோட்டக் கம்பெனியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் தராததை நான் தருவேன். ஆறு குடித்தனத்துக்கும் திருத்திய கணக்கு இத்துடன் இருக்கிறது.’ பதிவுத் தபாலில் சேர்த்தாள். மாதம் முடிய நான்கு நாள் இருந்தது.

கடைசி நாள் மதியம் டெட்மர் கூப்பிட்டார்.

“கடிதம் கிடைச்சுது.”

“ம்.”

“அந்த ஆன்லைன் கம்பெனியோட அறிக்கையும் வந்துச்சு. நாப்பது பக்கம். ஒவ்வொரு பில்லையும் சோதிச்சிருக்காங்க. எல்லாத்துக்கும் பச்சை டிக்.”

கெர்லிண்டே கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“மரத்துக்கும் பச்சைதான்,” என்றார் டெட்மர். “அடுத்த வருஷத்துலேர்ந்து அதே மரத்துக்குப் பன்னெண்டு சதவீதம் கம்மியா கிளை கழிச்சுத் தர்றாங்களாம்.”

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

“நீங்களே இருங்க, ஃப்ராவ் ஓல்கெர்ஸ். ஆனா அவங்க சொன்ன அந்தப் பாதிக் கட்டணம்... அது உங்களால முடியுமா?”

“முடியாது,” என்றாள் கெர்லிண்டே.

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். இத்தனை சந்தோஷமாக ஒருமுறைகூடச் சொன்னதில்லை.