ஷிப்பிங் கிளார்க் ஞானசீலனின் கார்

ஆம்பூரில் ஹயாத் பாஷாவின் டேனரியில் ஞானசீலன் ஷிப்பிங் கிளார்க்காக இருந்தார். பதனிட்ட தோல் கப்பலேறும் வரைக்கும் அதற்கு வேண்டிய காகிதங்களைச் சுமந்துகொண்டு மெட்ராஸுக்கும் ஆம்பூருக்குமாக ரயிலில் அலைவது அவர் வேலை. நல்ல உயரம், மெலிந்த உடம்பு. யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி அறியாதவர். மனைவி ஜெபகனி மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியும் பிள்ளை இல்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தாகிவிட்டது. இனி அதைப் பற்றி வீட்டில் பேச வேண்டாம் என்று இரண்டு பேருமாக முடிவுசெய்து, அந்த முடிவோடு நிம்மதியாகவே வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

1982இல் ஒரு நாள் துறைமுகத்தில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. ரயிலுக்கு நேரமிருந்ததால் ஞானசீலன் பர்மா பஜார் பக்கம் நடந்தார். ஒரு கடையில் டேப்ரிக்கார்டர்களுக்கும் சென்ட் பாட்டில்களுக்கும் நடுவே ஒரு அகலமான அட்டைப்பெட்டி நின்றது. மூடியில் ஒரு கார் மணலைக் கிளப்பிக்கொண்டு பாய்கிற படம். பக்கத்தில் ஒருவர் ஆன்டெனா நீட்டிய ரிமோட்டைக் கையில் பிடித்திருக்கிறார். கடைக்காரர் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே கார் இல்லை. காரின் துண்டுகள் இருந்தன. பல்சக்கரங்கள், ஸ்ப்ரிங்குகள், சின்னச் சின்ன பேரிங்குகள், பொடிப்பொடி ஸ்க்ரூக்கள், ஒரு மோட்டார், ரப்பர் டயர் நான்கு. எல்லாவற்றையும் நாமே பூட்ட வேண்டுமாம். ஜப்பான் எழுத்தில் ஒரு புத்தகம். படங்களைப் பார்த்தாலே போதும், புரிந்துவிடும் என்றார் கடைக்காரர்.

ஞானசீலனுக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. பின்சக்கரங்களுக்கு நடுவில் வருகிற பல்சக்கரக் கூடு மட்டும் முன்பே பூட்டியிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து ஒரு பக்கம் திருப்பினார். மறுபக்கம் எதிர்த்திசையில் சுழன்றது. லாரியின் அடியில் இருக்கிற டிஃபரன்ஷியல், தீப்பெட்டி அளவில். அவர் அதைத் திரும்பப் பெட்டியில் வைக்கவில்லை.

"ரிமோட்டும் உள்ளயே இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"மேல படம் போட்டிருக்கான் பாருங்க சார். இல்லாமயா போட்டிருப்பான்?"

உள்ளே இல்லை. வீட்டுக்கு வந்து கூடத்தில் பாயை விரித்து, ஒவ்வொரு பையாகப் பிரித்து அடுக்கிய பிறகுதான் அது தெரிந்தது. ரிமோட், காரில் வைக்கிற ரிசீவர், ஸ்டியரிங்கைத் திருப்புகிற சின்ன மோட்டார்கள் அடங்கிய ரேடியோ செட், பேட்டரி, சார்ஜர் எல்லாமே தனியாக வாங்க வேண்டியவை. அடுத்த முறை மெட்ராஸ் போனபோது அந்தக் கடையில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். "ரேடியோ செட்டா? அது வராது சார்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆனாலும் ஞானசீலன் காரைப் பூட்டினார். டேனரி விட்டு வந்து, காபி குடித்ததும் பாயில் உட்கார்ந்துவிடுவார். மோட்டாரின் பல்லும் பெரிய சக்கரத்தின் பல்லும் இறுகிக் கடித்தால் சூடேறும், விலகி நின்றால் பல் தேயும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய காகிதத்தைக் கொடுத்து, மோட்டாரை இறுக்கிப் பிறகு அதை உருவி எடுத்தால் இடைவெளி சரியாக அமையும். புத்தகத்துப் படத்தில் அதைக் கண்டுபிடித்த அன்று அவர் ஜெபகனியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் திருத்திக்கொண்டிருந்த நோட்டுகளை மூடிவிட்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்குது. ஓடுமா?"

"ஓடாது. ரேடியோ வேணும்."

"அப்ப எதுக்குங்க இவ்ளோ பார்த்துப் பார்த்து?"

அவர் சக்கரத்தைத் தட்டிவிட்டார். அது சத்தமில்லாமல் வெகுநேரம் சுழன்றது. இரண்டு பேரும் அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ப்ரிங்குக்கு உள்ளே இருக்கிற குழாயில், கார் குலுங்காமலிருக்க ஊற்றுகிற எண்ணெய் வழியிலேயே கசிந்துபோயிருந்தது. தையல் மெஷின் எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்; கார் தவளை மாதிரி எகிறியது. விளக்கெண்ணெய் ஊற்றினார், அமுக்கினால் எழவே இல்லை. இரண்டையும் கலந்து கலந்து ஒரு பக்குவம் பிடித்தார். காரின் மேல்கூடு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக். அதற்கு உள்பக்கமாகப் பெயின்ட் அடிக்க வேண்டும். டேனரியின் ஃபினிஷிங் செக்‌ஷனிலிருந்து தோலுக்கு அடிக்கிற சிவப்புச் சாயத்தை வாங்கிவந்து அடித்தார். காய்ந்ததும் மொத்தமாகத் தோல் உரிவது போல உரிந்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு எனாமல் அடித்தார்.

கார் முடிந்தது. அலமாரி மேல் நின்றது. ஒரு வருடம் நின்றது, அதற்கு மேலும் நின்றது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைப் பார்த்தார்கள், பிறகு ஜெபகனியைப் பார்த்தார்கள். சபையில் ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வீட்டுக்காரர் பொம்ம காரு வாங்கி வச்சிருக்காராமே. மனசு கேக்கலடி எனக்கு" என்று கண்கலங்கினாள். பாஸ்டர் ஜெபத்தில் அவர்கள் வீட்டின் 'வெறுமையை' ஆண்டவரிடம் எடுத்துச் சொன்னார். ஞானசீலன் தலைகுனிந்து நின்றார். அது வெறுமை இல்லை, பல்சக்கரம் என்று யாரிடம் சொல்வது? சொன்னால் பரிதாபம் இன்னும் கூடும்.

1984இல் ஜெபகனியின் தங்கை ரோஸ் குவைத்திலிருந்து லீவில் வந்தாள். அங்கே அவள் நர்ஸ். அக்காவுக்கு மிக்ஸி வரும், டேப்ரிக்கார்டர் வரும் என்று தெருவே எதிர்பார்த்தது. ரோஸ் பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு நடுவிலிருந்து ஒரு ரேடியோ செட்டை எடுத்தாள். கூடவே பேட்டரி, சார்ஜர்.

"அக்காதான் எழுதிச்சு மாமா. மிக்ஸி வேணாம், இத வாங்கியான்னு."

ஞானசீலன் மனைவியைப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பாலாற்றில் தண்ணீர் இல்லாத காலம். சாயங்காலம் மூன்று பேரும் ஆற்றுமணலில் இறங்கினார்கள். மணல் புகாமல் இருக்க ரிசீவரை ஒரு பலூனுக்குள் போட்டு, வாயை நூலால் கட்டியிருந்தார். காரைக் கீழே வைத்துவிட்டு ரிமோட்டின் குச்சியை மெல்லத் தள்ளினார். கார் சீறிக்கொண்டு கிளம்பியது. மணல்மேட்டில் ஏறி, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, நான்கு சக்கரமும் ஒன்றாகத் தரையில் இறங்கி, குலுங்காமல் ஓடியது. விளக்கெண்ணெய்ப் பக்குவம் பலித்துவிட்டது. பிறகு ஜெபகனி ரிமோட்டை வாங்கினாள். கார் தன்னை நோக்கி வரும்போது இடதும் வலதும் மாறிவிடும் என்பதை அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் அதை வளைத்துத் தன் காலடியில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அந்தக் கோடைக்காலம் முழுக்க அவர்கள் ஆற்றுக்குப் போனார்கள். முன்சக்கரங்களைக் கொஞ்சம் உள்நோக்கித் திருப்பினால் நேராக ஓடுகிறது, பின் ஸ்ப்ரிங்கை இறுக்கினால் வளைவில் பின்பக்கம் வழுக்குகிறது என்று ஒவ்வொரு நாளும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த காலம் வேறு இல்லை.

செய்தி முதலாளி காதுக்குப் போயிற்று. மறுவருடம், ஹயாத் பாஷாவின் பேரன் குர்ஆன் ஓதி முடித்ததற்கு வீட்டில் பெரிய விருந்து. அதற்கு முதல் நாள் முதலாளி ஆபீஸ் அறைக்கு வந்தார்.

"இன்னா ஞானம், ஏதோ காரு வுடறியாமே. நாளைக்கு எடுத்தா. தோல் வாங்கற ஜெர்மன் பார்ட்டிங்கல்லாம் வர்றாங்க, பார்க்கட்டும்."

ஹயாத் பாஷா கெட்டவர் இல்லை. ஜெபகனிக்கு டைஃபாய்டு வந்தபோது ஒரு மாதம் சம்பளத்தோடு லீவு கொடுத்தவர். மறுநாள் ஞானசீலன் காரைத் துடைத்து, பழைய அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டு முற்றத்தில் வழவழவென்ற சிமென்ட் தரை. கார் தூண்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடியதும் விருந்தாளிகள் கைதட்டினார்கள். ஒரு ஜெர்மன்காரர் குனிந்து பார்த்து ஏதோ பாராட்டினார். ஞானசீலன் பெருமையில் இருந்தார். அந்த நேரத்தில் பேரன் ஓடிவந்து ரிமோட்டைப் பிடித்துக்கொண்டான். கொடுத்தார். பையன் காரைச் சுவரில் மோதினான், எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி மோதினான். ஒவ்வொரு மோதலும் ஞானசீலனின் விலா எலும்பில் இடித்தது.

சாப்பாடு முடிந்து அவர் கிளம்பும்போது பையன் ரிமோட்டை விடவில்லை. அழுதான்.

"வுட மாட்டேங்கறானே," என்று முதலாளி சிரித்தார். "சரி, இருக்கட்டும் ஞானம். உனக்கு இன்னா, வூட்ல கொழந்தையா குட்டியா? சும்மாதானே கெடக்குது. நான் ஜெர்மனி போறப்ப உனக்கு இத வுட ஜோரா ஒண்ணு கொண்டாறேன்."

சுற்றிலும் இருபது பேர் நின்றார்கள். கொடுக்க முடியாது என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஞானசீலனின் வாய் திறந்தது.

"எடுத்துக்கட்டும் மொதலாளி," என்று அது சொன்னது.

பிரியாணி டப்பாவும் காலிப் பெட்டியுமாக அவர் வீட்டுக்கு வந்தார். ஜெபகனி பெட்டியைத் தூக்கிப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். பிரியாணியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

முதலாளி ஜெர்மனி போய் வந்தார். ஞானசீலனைக் கூப்பிட்டு அன்போடு ஒரு எலெக்ட்ரிக் ஷேவரைக் கொடுத்தார். காரைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. முதலாளிக்கு அது மறந்தே போயிருந்தது.

ஆனால் கார் ஓடாமல் போகும்போதெல்லாம் மறக்காமல் ஆள் வந்தது. ஒரு தடவை முன் அச்சு ஒடிந்திருந்தது. ஒரு தடவை பையன் காரைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டிருந்தான். ஞானசீலன் போய், அந்த வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, பிரித்துத் துடைத்துப் பூட்டிக் கொடுத்துவிட்டு வருவார். அவர் பக்குவம் பார்த்து ஊற்றிய எண்ணெய் ஒழுகிப்போயிருந்தது. அதை மறுபடி கலந்து ஊற்றினார்.

ஜெபகனியால் பொறுக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை, அவரிடம் சொல்லாமல், முதலாளியின் மனைவி அஃப்ஸர் ஜஹானைப் பார்க்கப் போனாள். அஃப்ஸர் ஜஹான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து டீ கொடுத்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கார எங்களுக்குத் திருப்பிக் குடுத்துடுங்கம்மா. அவரு அது இல்லாம ஒரு மாதிரியா இருக்காரு. எனக்கும் தாங்கல."

அஃப்ஸர் ஜஹானின் முகம் மாறியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜெபகனியின் தலையைத் தடவினாள்.

"எனக்குப் புரியுதும்மா. பொம்பளைக்குப் பொம்பளை புரியாதா? நீ இன்னா கேக்க வந்தேன்னு தெரியுது. கவலப்படாத, நான் பார்த்துக்கறேன்."

ஜெபகனி வீட்டுக்கு வந்து, கார் கிடைத்துவிடும் போல இருக்கிறது என்றாள். திங்கட்கிழமை காலை வாசலில் ஹாரன் கேட்டது. முதலாளியின் அம்பாசிடர் நின்றது. டிரைவர் இறங்கி வந்தார்.

"வேலூருக்குப் போணும் சார், ரெண்டு பேரும். அம்மா சொல்லி அனுப்பிச்சாங்க. பெரிய லேடி டாக்டராம், போன்ல பேசிட்டாங்களாம். மொதலாளி உங்களுக்கு இன்னிக்கு லீவு குடுத்துட்டாரு."

தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள். ஞானசீலன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி மனைவியைப் பார்த்தார்.

"கேட்ட காரு வரல," என்றாள் ஜெபகனி மெதுவாக. "கேக்காத காரு வந்து நிக்குது."

போக முடியாது என்று சொல்லலாம். டிரைவர் திரும்பிப் போய் என்ன சொல்வார்? அஃப்ஸர் ஜஹான் என்ன நினைப்பாள்? இரண்டு பேரும் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினாள். பழைய சோதனைகளைச் செய்ததும் அவளேதான்.

"எல்லாம்தான் அப்பவே சொல்லிட்டேனே. இப்ப எதுக்கும்மா வந்தீங்க?"

"அனுப்பிச்சாங்க டாக்டர்," என்றாள் ஜெபகனி.

திரும்பி வரும்போது பள்ளிகொண்டா தாண்டியதும் அவள் அழ ஆரம்பித்தாள். வருடக்கணக்கில் மூடி வைத்திருந்ததை யாரோ இரக்கப்பட்டுத் திறந்துவிட்டார்கள். ஞானசீலன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்று ரேடியோவைப் போட்டார். அதற்குப் பிறகு அஃப்ஸர் ஜஹான் அவளை எங்கே பார்த்தாலும் காதோரம் குனிந்து, "ஏதாவது விசேஷமா?" என்று கேட்பாள். ஜெபகனி இல்லையென்று தலையாட்டுவாள். காரைப் பற்றிப் பேச இனி வழியே இல்லை என்று ஆகிவிட்டது.

பையனை ஊட்டியில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். கார் ஹாலில் கண்ணாடி ஷோகேஸுக்குள் போனது, பீங்கான் பொம்மைகளுக்குப் பக்கத்தில். வருடத்துக்கு ஒரு முறை, பையன் லீவுக்கு வருவதற்கு முன்னால், ஞானசீலனைக் கூப்பிட்டு ஓடவிட்டுப் பார்த்து வைக்கச் சொல்வார்கள்.

1988இலும் கூப்பிட்டார்கள். அன்று வீட்டில் கூட்டமில்லை. அவர் காரை வராந்தாவில் கவிழ்த்து வைத்துப் பல்சக்கரங்களில் இருந்த தூசியைத் தட்டினார். காகிதத்தைக் கொடுத்து மோட்டாரை மறுபடி இறுக்கினார். பேட்டரியை மாட்டி முற்றத்தில் விட்டார். தூணைச் சுற்றி, தொட்டியைச் சுற்றி, திண்டில் உரசாமல் அழகாகத் திரும்பி வந்தது.

உள்ளேயிருந்து அஃப்ஸர் ஜஹானின் குரல் கேட்டது. "ஓடுதா ஞானம்?"

கார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் பார்க்கணும்மா," என்றார் ஞானசீலன்.

பேட்டரி தீர்கிற வரைக்கும் பார்த்தார். கார் வேகம் குறைந்து, முனகி, முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டது. அவர் போய் அதைக் கையில் எடுத்தார். மோட்டார் சூடாக இருந்தது. ஆறும் வரை அப்படியே வைத்திருந்துவிட்டு, டயர்களைத் துடைத்து உள்ளே கொண்டுபோனார். அஃப்ஸர் ஜஹான் ஷோகேஸின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.