பதினாறடிப் படகு

அணையில் பாய்மரப் படகு ஓட்டும் எங்கள் சங்கத்தில், போட்டிக்கு முன் படகுகளின் நீளத்தைக் கேட்டு எழுதுவது என் பொறுப்பாக இருந்தது. நீளமான படகு விரைந்து செல்லும் என்பதால், அதன் நேரத்தோடு சில நிமிடங்களைக் கூட்டுவோம்.

போர்வெல் ரிக் தொழிலை மகனிடம் விட்டிருந்த உறுப்பினர் ஒருவர், தம் படகு பதினாறடி என்று எழுதியனுப்பினார். சந்தேகம் வந்து நேரில் போய் டேப் பிடித்தேன்.

"பதினாலுதானுங்க இருக்குது."

"தெரியுமுங்க. மனையடி சாஸ்திரத்துல பதினாலு ஆகாதுங்களே. ஊட்டுல காலண்டர் அட்டையப் பாத்துட்டு, பதினாறா இருந்தா ஏறுங்க, இல்லாட்டி தண்ணிப் பக்கமே போவாதீங்கன்னுட்டாங்க."

"அது ரூமுக்குப் பாக்கறதுங்க."

"உக்கார்ற எடமெல்லாம் ஒண்ணுதானுங்க," என்றார் காபியோடு வந்த அவர் மனைவி.

"பதினாறுன்னா நிமிசம் கூடிரும். தோத்துருவீங்க," என்று அவரிடம் சொன்னேன்.

"தோத்தாத் தோக்கறேனுங்க. ஏற உட்டாப் போதும்."

இல்லாத இரண்டடியை எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்தபடியே திரும்பினேன்.

மறுவாரம் அவரே அழைத்தார். படகின் மூக்கில் இரண்டடித் தேக்குக் கட்டையை போல்ட் போட்டு முடுக்கி, நுனியில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் குத்தியிருந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி சொன்னார்:

"பழத்தச் சேத்திப் புடிச்சராதீங்க சாமி, கணக்குத் தாண்டிரும்."

பழத்தை விட்டுவிட்டு, பதினாறு என்று நிம்மதியாக எழுதினேன்.

போட்டியில் அவர் கடைசியாக வந்தார். கரையிலிருந்து கைதட்டிய ஒரே ஆள் அவர் மனைவிதான்.