தூக்கின கையும் பெருகின ஓடையும்

ஊழியப் பயணத்துக்கு ஏற்பாடு செய்கிறவனுக்குப் பரலோகத்தில் தனி இடம் உண்டு என்று எங்கள் போதகர் அடிக்கடி சொல்வார். எனக்கு அங்கே வேண்டாம், ஜீப்பில் ஓர் இடம் கிடைத்தால் போதும். ஒலிபெருக்கிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஹுன்னஸ்கிரிய வளைவுகளில் ஏறியிறங்கினவர்களுக்கு என் பாடு விளங்கும். கண்டியில் எங்கள் சபைக்கு வெளியூரிலிருந்து யார் வந்தாலும் காட்டுக்குள் ஒரு கிராமத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்பார்கள். வண்டி பிடிப்பது, மொழிபெயர்ப்பது, அட்டை கடிக்காமல் அவர்கள் காலுக்குச் சவர்க்காரம் பூசுவது எல்லாம் என் தலையில்தான் விழும்.

அழைப்பு

நக்கிள்ஸ் காட்டோரம், தேயிலையைக் கைவிட்டுக் காடு ஏறிப்போன ஒரு தோட்டப் பிரிவு. இரண்டு வரிசைத் தொழிலாளர் வீடுகள், லயம் என்போம், ஒரு மாரியம்மன் கோயில். நாங்கள் போனால் மரியாதையாகத் தேத்தண்ணி கொடுப்பார்கள், மரியாதையாக உட்கார்ந்து கேட்பார்கள், பிறகு மரியாதையாகக் கோயிலுக்குப் போய்விடுவார்கள். அங்கிருந்து கோயில் தலைவர் முனியாண்டியே போன் எடுத்து, வருகிற வெள்ளிக்கிழமை கூட்டம் வையுங்கள், எல்லாரும் வருகிறோம் என்றால் நம்ப முடியுமா? வெள்ளி அவர்களுக்குப் பூசை நாள். போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் அல்லேலூயா சொன்னார். எனக்கு மட்டும் எங்கேயோ இடித்தது. தலைவரைத் தனியாகப் போனில் கூப்பிட்டு விசாரித்தேன்.

"மருமக லெட்சுமிய அன்னைக்குப் பெரியாஸ்பத்திரியில சேக்கச் சொல்லியிருக்காங்க தம்பி. மொதப் புள்ள, ஓடையத் தாண்ட முடியாம இந்தக் கரையிலேயே போச்சு. ஒங்க ஜீப் ஒண்ணுதான் அந்தத் தண்ணியில எறங்குது" என்றார் தலைவர்.

அதை அப்படியே போதகரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல, ஆனால் பிரசங்கியார் மனம் உடைந்துபோவாரே என்ற கவலை அவருக்கு. "அவர்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். கூட்டம் முடிஞ்சதும் தாராளமா ஏத்திக்கிட்டு வாங்க, கர்த்தர் பார்த்துக்குவார்."

சாமான்

முழங்கால் வலி என்று போதகர் வரவில்லை. மற்ற எல்லாம் வந்தது. ஜெனரேட்டர், இரண்டு கிட்டார், படம் போடும் திரை, பிஸ்கட் பெட்டிகள், குழுவில் ஆறு பேர், அவர்களுடைய தண்ணீர்ப் போத்தல்கள். கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்று கெஞ்சினேன். கிட்டார்க்காரத் தம்பி என்னை விசுவாசம் இல்லாதவனைப் போலப் பார்த்தான். நெற்றியில் விபூதியோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சிவா அண்ணன் எங்கள் பயணங்களுக்கு வழமையாக வருகிற சாரதி. பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, வரும்போது அந்தப் புள்ளய எங்க வைக்கிறது, கூரையிலயா?"

கை

நாங்கள் போய் இறங்கும்போதே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. ஓடையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். கூட்டம், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில். லெட்சுமி கூட்டத்துக்கு வரவில்லை. துணிப்பையோடு நேரே ஜீப்பில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவள் செய்ததுதான் சரி.

பிரசங்கியார் நோவாவில் ஆரம்பித்தார். அவர் பத்து வாக்கியம் பேச, நான் இரண்டு சொன்னேன். தமிழ் எவ்வளவு சுருக்கமான மொழி என்று அவர் வியந்து, இன்னும் விரிவாகப் பேசினார். தகரத்தில் மழை விழத் தொடங்கியது. அப்போது அவர் ஒரு பேச்சுக்கு, யாருக்காவது இயேசு வேண்டுமா, கை தூக்குங்கள் என்றார். உடனே எல்லாக் கையும் மேலே போனது. தலைவரின் கை, கோயில் பூசாரியின் கை, மடியிலிருந்த குழந்தையின் கையைக்கூட அதன் தாய் தூக்கிப் பிடித்திருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்திலிருந்த தலைவரிடம் குனிந்து, என்ன இது என்றேன்.

"போன ரெண்டு தடவையும் நாலஞ்சு பேர் கை தூக்குனதும் கூட்டத்த முடிச்சிட்டீங்கல்ல? அதான், எல்லாருமே தூக்கிட்டோம்."

ஓடை

முடிப்பாரா மனிதர்? இத்தனை வருட ஊழியத்தில் இப்படி ஓர் அறுவடையை அவர் பார்த்ததேயில்லை. கண்ணீரோடு இறங்கி வந்து, ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்துத் தனித்தனியாக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது ஆளிடமே நீண்ட நேரம் நின்றார். சிவா அண்ணன் நனைந்தபடி வாசலில் வந்து, தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். தண்ணீர் அவ்வளவு ஏறிவிட்டது. எனக்குக் குறுக்கே பேசவும் பயம், பேசாமல் இருக்கவும் பயம். தலைவர் எழுந்துவிட்டார்.

"ஐயா, வேணும்னா தூக்குன கைய எறக்கிர்றோம். வண்டிய மட்டும் எடுக்கச் சொல்லுங்க. என் மருமக ரெண்டாவது புள்ளயையும் குடுக்க மாட்டா."

அதைச் சுருக்காமல் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன், முதல் பிள்ளையின் கதையையும் சேர்த்து. பிரசங்கியாரின் முகம் வெளிறியது. வேதாகமத்தைக் கதிரையில் வைத்துவிட்டு மழையில் ஓடினார். ஜீப்பில் இறக்காமல் கிடந்த ஜெனரேட்டரை அவரே இழுத்துக் கீழே போட்டார். திரை சேற்றில் விழுந்தது. லெட்சுமியோடு அவள் புருசனையும் ஏற்றிக்கொண்ட ஜீப், தள்ளாடித் தள்ளாடி அக்கரை ஏறும்வரை இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்தக் கோபத்துக்கு நான் தகுதியானவன்தான்.

"அப்படியானால் இவ்வளவு நேரம் என்னை ஏன் பேச விட்டாய்?"

காலை

அன்றிரவு நாங்கள் மடுவத்திலேயே படுத்தோம். கை தூக்கிய அத்தனை பேரும் மாரியம்மனுக்குப் பூசை வைத்து, வந்து எங்களுக்கு ரொட்டியும் சம்பலும் தந்தார்கள். பிரசங்கியார் வாங்கிச் சாப்பிட்டார். விடிந்ததும் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹோர்ன் சத்தம். தலைவர் வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டாமல் ஓடினார்.

"தலைவரே, பொம்பளப் புள்ள! தாயும் நல்லாருக்கு!" என்று அக்கரையிலிருந்து கத்தினார் சிவா அண்ணன். "மத்தவங்க எல்லாம் தண்ணி வத்துனதும் நடந்து வாங்க!"

காட்டுக்குள் நற்செய்தி கொண்டுபோகப் புறப்படுகிற அன்பர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது ஒன்றுதான்: முதலில் அங்கே ஜீப்புக்குக் காத்திருப்பது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள், பிரசங்கத்தைப் போகிற வழியில் தயாரிக்கலாம்.