முருகன் மாற்றச் சொன்ன பேரிங்

எங்கள் வேனுக்குக் கிராங்க் பேரிங் மாற்றலாமா வேண்டாமா என்ற வழக்கை வல்லக்கோட்டை முருகன்தான் தீர்த்துவைத்தார். தொண்ணூற்றொன்றில் நடந்தது. நான் நாலாம் வகுப்பு. கேள்வி கேட்டுக் கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள் என்று வீட்டில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

வேனை வாங்கிவந்தவர் சித்தப்பா. அப்பாவும் அவரும் பங்கு போட்டு வாங்கியது என்றாலும், மெட்ராஸுக்குப் போய் வண்டியைப் பார்த்து, ஓட்டி, பேசி முடித்தது அவர் ஒருவர்தான். ஓடித் தேய்ந்த டீசல் வேன். மீட்டர் எப்போதோ நின்றுபோயிருந்ததால், எவ்வளவு ஓடியது என்பது வண்டிக்கே தெரியாது. சேரப்பணஞ்சேரியில் எங்கள் வாசலில் அது வந்து நின்ற அன்று, சித்தப்பா அதன் முதுகில் தட்டிக்கொடுத்தபடி தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "மேலதான் பழசு. உள்ள ராஜா மாதிரி கீது."

ராஜா சீக்கிரமே நீலமாகப் புகைவிட ஆரம்பித்தார். டீசலோடு போட்டி போட்டுக்கொண்டு ஆயிலையும் குடித்தார். பாரம் ஏற்றினால் அடியிலிருந்து டொக் டொக் என்று ஒரு சத்தம் வேறு. வெறும் காய்கறி மூட்டை ஏற்றுகிற வண்டி என்றால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில், சுற்றுவட்டார ஊர்க்காரர்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்க எங்கள் வேனைப் பேசியிருந்தார்கள். திங்கட்கிழமை முதல் ஷிப்டுக்கு வண்டி கேட்டில் நிற்க வேண்டும். அன்றைக்கு மட்டும் கேட்டில் போய் நின்றுவிட்டு, அடுத்த மாதம் ஆட்களோடு நடுரோட்டில் இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டாலும் எங்கள் பிழைப்பு அதோடு சரி.

படப்பை மெக்கானிக் இன்ஜினை இறக்கிப் பிரித்துவிட்டு ஆள் அனுப்பினார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் அப்பா, சித்தப்பாவோடு நானும் தொற்றிக்கொண்டேன். ஒவ்வொரு பாகத்தையும் டீசலில் கழுவி, இரண்டு கோணிகளில் பிரித்து வைத்திருந்தார் மெக்கானிக். ஒரு கோணியில் இருப்பது திரும்ப இன்ஜினுக்குள் போகும், இன்னொன்றில் இருப்பது போகாது. எனக்குக் கண்காட்சிக்குப் போன சந்தோஷம். பிஸ்டன் இந்தக் கோணியில் இருக்கும்போது அதன் ரிங் மட்டும் ஏன் அந்தக் கோணியில் என்று கேட்டேன்.

"ரிங்கு தேயறதுக்குன்னே பொறந்தது, பாப்பா. அது தேஞ்சாதான் பிஸ்டன் பொழைக்கும்" என்றார்.

வால்வைத் தேய்த்து உட்கார வைத்தால் போதுமாம், அது இந்தக் கோணி. ஆயில் பம்ப் பார்க்கப் பளபளவென்று இருந்தது, ஆனால் போகாத கோணியில் கிடந்தது. நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். "நல்லாதான் கீது. ஆனா இது நின்னா எல்லாமே நின்னுடும். இத்தினி தூரம் ஓடினதை நம்பி எதுக்கு வம்பு?" என்றார். கெட்டதை மட்டுமல்ல, நம்ப முடியாததையும் மாற்ற வேண்டும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. வீட்டில் எதெதை அப்படி மாற்றலாம் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

எந்தக் கோணியிலும் சேராமல் மெக்கானிக்கின் கையிலேயே ஒன்று இருந்தது. வளையலை இரண்டாக உடைத்தாற்போன்ற துண்டு. அதுதான் பேரிங், கிராங்க் என்கிற இன்ஜின் தண்டு அதற்குள்தான் சுழலுமாம். உள்பக்கம் பூசியிருந்த வெள்ளை தேய்ந்து, அடியிலிருந்த செம்பு சிவப்பாகத் தெரிந்தது.

"பேரிங் மட்டும் போச்சுன்னா இன்னிக்கே மாத்திடலாம். கிராங்க்கையும் அறுத்து வெச்சிகீது. நீங்களே பாருங்க. நகத்தை வெச்சித் தடவுங்க, மாட்டும். மெட்ராஸுக்கு அனுப்பிக் கடைஞ்சிட்டு வரணும், ஒரு வாரம் ஆவும்."

சித்தப்பா குனிந்து கிராங்க்கின் மேல் நகத்தை வைத்துத் தடவினார். இன்னொரு தடவை, இன்னும் மெதுவாகத் தடவினார். பிறகு வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் மாட்டலயே" என்றார். நானும் தடவிப் பார்த்தேன். என் நகத்துக்கு நன்றாகவே மாட்டியது. வாயைத் திறக்கப் போனபோது அப்பா என் தோளை அழுத்தினார்.

"ரிங்கு மட்டும் போட்டுக் கட்டிடு" என்றார் சித்தப்பா. மெக்கானிக் அப்பாவைப் பார்த்தார். அப்பா கோணியைப் பார்த்தார். "வூட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்று சொல்லி எங்களைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் சித்தப்பா ஒருவர்தான் பேசினார். மெக்கானிக் வேலையை இழுக்கிறான், நான் வண்டி பார்க்காதவனா, திங்கட்கிழமை கம்பெனிக்காரனுக்கு யார் பதில் சொல்வது என்று குரல் ஏறிக்கொண்டே போனது. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்ல இப்படி முழி பிதுங்குவானேன் என்று எனக்கு அப்பாவின் மேல்தான் எரிச்சலாக இருந்தது. கடைசியில் அம்மா தட்டைக் கழுவியபடியே, "உங்க ரெண்டு பேருக்கும் முடிவு பண்ண ஆவலன்னா வல்லக்கோட்டையில பூ போட்டுப் பாத்துடுங்களேன்" என்றாள்.

கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் பூ போட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். கிராங்க்குக்குப் போட்டுப் பார்த்தது அநேகமாக நாங்களாகத்தான் இருக்கும். ஆனால் சித்தப்பா உடனே சரி என்றதுதான் ஆச்சரியம்.

மறுநாள் பஸ் ஏறிப் போனோம். கோயில் வாசலில் சித்தப்பாவே பூ வாங்கினார். வெள்ளை அரளி வந்தால் மாற்றுவது, சிவப்பு அரளி வந்தால் அப்படியே கட்டுவது என்று பேச்சு. "நீங்க உள்ள போங்கண்ணா, நான் கட்டிக்கினு வரேன்" என்று கடையோரமாகத் திரும்பி உட்கார்ந்து, வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் சுற்றி, இரண்டு பொட்டலங்களோடு வந்தார். ஆளுயரத்துக்கும் மேலே நின்ற முருகனின் காலடியில் வைத்து எடுத்துவந்த தட்டைக் குருக்கள் என்னிடம் நீட்டினார். சிவப்பு வந்து, வண்டி வழியில் நின்றால் பழி என் தலையில் விழுமே என்று இரண்டு பொட்டலங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். குருக்கள் பிரித்தார். வெள்ளை.

சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகனே சொல்லிட்டாரு. அதுக்கு மேல நாம இன்னா சொல்றது?" விபூதியைப் பூசியும் பூசாமலும், மெக்கானிக் வேறு வேலையில் கை வைப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று படப்பை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

எடுக்காத பொட்டலத்தைக் குருக்கள் என் கையிலேயே கொடுத்திருந்தார். பிராகாரத்தில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தபோது, சிவப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க அதைப் பிரித்தேன். அதிலும் வெள்ளை அரளி.

அப்பாவிடம் காட்டினேன். அவர் பூவைப் பார்த்தார், சித்தப்பா ஓடிய வாசலைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்து, வெளியே வராமலே அடங்கியது. பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சித்தப்பாகிட்ட இதைக் கேக்காத."

"ஏம்பா?"

"கேக்காதன்னா கேக்காத."

கேட்காமல் இருந்தது என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. ஆனால் பதிலை நானே கண்டுபிடித்துக்கொண்டேன். என் கை தப்பான பக்கம் போய்விடக் கூடாதே என்று முருகன் சிவப்பையும் வெள்ளையாக்கிவிட்டார். சந்தேகமே இல்லை.

கிராங்க் மெட்ராஸுக்குப் போய்வந்தது. அந்த ஒரு வாரத்துக்குச் சித்தப்பாவே கம்பெனி சூப்பர்வைசரிடம் போய்க் கெஞ்சி, யாரிடமோ வேறு வேன் பிடித்து ஓட்டினார். எங்கள் வேன் அதற்கப்புறம் ஒரு நாளும் ஷிப்டைத் தவறவிட்டதில்லை. வீட்டில் நாலு பேர் கூடினால் சித்தப்பா ஆரம்பித்துவிடுவார். "நான் வேணாம்னுதான் சொன்னேன். முருகன் வுடல." அப்பா ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பவரைப் போலத் தலையாட்டுவார்.

அன்றைக்கு மெக்கானிக் ஷெட்டில் சித்தப்பாவின் நகத்துக்கும் மாட்டியிருக்கிறது. வாங்கும்போது ஏமாந்துவிட்டேன் என்று அண்ணன் முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நீ ஏமாந்துவிட்டாய் என்று தம்பியிடம் சொல்ல அப்பாவுக்கும் வாய் வரவில்லை. இதெல்லாம் எனக்குப் புரிய வெகு காலம் ஆயிற்று. அன்றைக்கு நான் இரண்டு வெள்ளைப் பூவையும் நினைத்து முருகனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்க்க வேண்டிய ஆள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்.