பெயர் கேட்க மாட்டோம்

மேடையில் ஞானமேரி பேச வேண்டியது மூன்று வரிகள்தான். "என் பேரு ஞானமேரி. என் வூட்டுக்காரரைப் பன்னின்னு நெனச்சுச் சுட்டுட்டாங்க. துப்பாக்கி வச்சிருக்கவங்க குடுத்துடுங்க, யாரு என்னான்னு பேர் கேக்க மாட்டோம்." மூன்றாவது வரியை அவள் எப்போதும் சற்று வேகமாகச் சொல்லிவிடுவாள்.

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு மெஸ்ஸில் சப்பாத்தி தேய்ப்பது அவள் வேலை. கணவர் இருதயநாதன் கொத்தனார். ஊருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் மல்லாட்டைக் கொல்லிகள், நிலக்கடலை போட்ட நிலங்கள். விடியற்காலை முதல் பேருந்தைப் பிடிக்க அவற்றின் குறுக்கே நடப்பார். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள் அப்படிப் போனவரைக் கொல்லியில் கண்டெடுத்தார்கள். ஒரு செருப்பு காலில் இருந்தது. வார் பிடுங்கிக்கொண்ட இன்னொரு செருப்பு கையில் இருந்தது. வாரை மாட்டக் குனிந்திருக்கிறார். அரை இருட்டில் குனிந்த முதுகு காட்டுப்பன்றியாகத் தெரிந்திருக்கிறது. சுட்டவர் யார் என்று தெரியவில்லை. பன்றிக்காக நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சுற்றுவட்டாரத்தில் பலர் இருந்தார்கள், விசாரித்தபோது ஒருவர்கூட இல்லை. வழக்கு அப்படியே நின்றுபோனது.

இந்த வருடம், துப்பாக்கிக் குற்றங்களைக் குறைப்பதற்கென்று மாவட்டக் காவல்துறைக்கு அரசிடமிருந்து தனி நிதி வந்தது. பந்தல், மைக், தேநீர், துண்டுப் பிரசுரம் எல்லாம் அதில் அடங்கும். ஊருக்கு ஒரு நீளமான இரும்புப் பெட்டியும் உண்டு. பஞ்சாயத்து அலுவலகத்தின் பின்புறம், கேமரா இல்லாத மூலையில் வைப்பார்கள். துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் போய்விடலாம், வழக்கு கிடையாது. பன்றிக்கு மாற்றாக, ஊர்க் கொல்லிகளைச் சுற்றிச் சூரிய மின்வேலி போட்டுத் தருவார்கள். ஆக, அந்தப் பணத்தில் அரசு வாங்கியது துப்பாக்கியை மட்டுமல்ல, ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதையும்தான்.

ஏட்டு சித்ரா மெஸ்ஸுக்கே வந்து அவளை அழைத்தாள்.

"யக்கா, நீங்க பேசுனா சனம் கேக்கும். நாங்க பேசுனா டீ எப்ப வரும்னு பாத்துக்கினு இருப்பாங்க."

"நான் இன்னாத்தப் பேசறது? சப்பாத்தி தேய்க்கிறதப் பத்தி வேணா பேசறேன்."

"அதையும் பேசுங்க. கூட்டம் கலையாம இருந்தா போதும்."

ஞானமேரி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சுட்டவனே கொண்டாந்து குடுத்தா?"

"வாங்கிக்குவோம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்கா. கேள்வி கேட்டா எவனும் குடுக்க மாட்டான். குடுக்காத துப்பாக்கி இன்னொருத்தரச் சுடும்."

அந்தப் பதிலில் பிழை எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. பிழையில்லாத பதில் ஆறுதல் தரவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டாள். சித்ராவிடம் சொல்லாத ஒரு காரணம் அவளுக்கு இருந்தது.

இருதயநாதன் கல்லறையில் சிலுவையின் காலடியில் அமாவாசைதோறும் யாரோ கற்பூரம் ஏற்றிவந்தார்கள். முதன்முறை பார்த்தபோது பக்கத்து வீட்டுச் சவுரியம்மாள் பயந்துபோனாள். "யாரோ ஏவல் வச்சிருக்கானுங்கடி, தொடாத!" ஞானமேரி தேங்காய் நாரால் அந்தக் கறுப்பைத் தேய்த்துக் கழுவினாள். அடுத்த அமாவாசைக்கு மறுபடி கறுப்பு, கூடவே வெற்றிலை, ஒரு வாழைப்பழம், ஒரு கட்டு பீடி. ஏவல் வைக்கிறவன் பீடி வைப்பானா? இருதயநாதனுக்குப் பீடிப் பழக்கம் இருந்தது. அது தெரிந்தவன் வைத்த படையல் இது. கோவிலுக்குப் போகிற, அமாவாசைக்குத் தன் வீட்டுச் செத்தவர்களுக்குப் படைக்கிற ஒருவன், கிறிஸ்தவக் கல்லறையில் எந்த நாளில் எதைச் செய்ய வேண்டும் என்று தெரியாமல் தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறான். யாரையும் கேட்டிருக்க முடியாது. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பான்.

அந்தக் கொல்லியைச் சுற்றி நிலம் வைத்திருந்தவர்கள் சில பேர். ரேஷன் கடையில் எல்லோரையும் பார்க்கிறாள். எல்லோரும் "நல்லாருக்கியாம்மா" என்கிறார்கள். ஒளிந்திருந்து பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம், போலீஸில் சொல்லலாம். அவளுக்கு வேண்டியது அதுவல்ல. அவனே வந்து, தன் வாயால், "நான்தாம்மா" என்று சொல்ல வேண்டும். மைக்கில் தன் குரலைக் கேட்டால் வருவான் என்று நம்பினாள். இருதயநாதனைக் கடைசியாகப் பார்த்தவன் அவன்தான், அவர் எப்படி இருந்தார் என்று கேட்க உலகத்தில் வேறு ஆள் இல்லை.

ஆவணி மாதம் அவளுடைய ஊரிலேயே கூட்டம் போட்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னா மேரியக்கா, போலீஸ்ல சேந்துட்டியா? எங்களுக்கும் ஒரு தொப்பி வாங்கியா!"

"ஒன் தல இருக்கற சைசுக்குத் தொப்பி தைக்க மாட்டாங்கடா" என்றாள். பந்தல் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் மூன்று வரிகளையும் சொன்னாள். மூன்றாவது வரியை அன்று மெதுவாக, முகம் முகமாகப் பார்த்துச் சொன்னாள். எல்லா முகங்களும் தேநீர் டம்ளருக்குள் இருந்தன.

இரண்டு நாள் கழித்துச் சித்ரா போன் செய்தாள். "யக்கா, ஒங்க ஊர்ப் பெட்டியில நாலு விழுந்துருக்கு! மேல எல்லாருக்கும் சந்தோஷம்."

"நான் ஒருவாட்டி பாக்கலாமா?"

"காட்டக் கூடாதுக்கா. அதுவும் ரூல்ஸ்லயே இருக்கு."

அன்றிலிருந்து ஞானமேரி கதவைத் தாழிடாமல் வெறுமனே சாத்திவைத்தாள். சவுரியம்மாள் திட்டினாள். ஒருவரும் வரவில்லை.

புரட்டாசியில் மகாளய அமாவாசை வந்தது. செத்தவர்களை ஒருவரும் மறக்காத நாள். வேலைக்குப் போகாமல் கல்லறைக்குப் போனாள். சிலுவையடியில் ஒன்றுமில்லை. பழைய கறுப்பு மட்டும் காய்ந்து கிடந்தது. வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். ஒரு ஆடு வந்து பார்த்துவிட்டுப் போனது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. துப்பாக்கியைப் பெட்டியில் போட்டவன் அதோடு எல்லாவற்றையும் போட்டுவிட்டான். பெயர் கேட்க மாட்டோம் என்று அவளே சொல்லிவிட்டாள். சுடப்பட்டவரின் மனைவியின் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்த பிறகு, அவன் எதற்கு இன்னும் கற்பூரம் வாங்க வேண்டும்? திட்டம் வேலை செய்துவிட்டது. மனிதனை விடுவிப்பது நல்லதுதான் என்று நூல்கள் சொல்லும். விடுவிக்கப்பட்டவன் யாரோடு சேர்ந்து அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டிருந்தானோ, அந்த மற்றவரைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. இவ்வளவு காலமும் இருதயநாதனை நினைத்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். இப்போது ஒருத்தி.

அடுத்த கூட்டம் கிளியனூரில். மூன்று வரிகளையும் சொன்ன பிறகு அவள் மைக்கைக் கொடுக்கவில்லை.

"குடுத்துட்டவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பேரு வேணாம். நான் கேக்க மாட்டேன், சத்தியமா கேக்க மாட்டேன். முன்ன வந்துகினு இருந்தவங்க… வாங்க. நிறுத்திடாதீங்க."

கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. சித்ரா மெல்ல அருகில் வந்து, "யக்கா, யாரு வந்துகினு இருந்தாங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. டீ ஆறிடப் போவுது, குடுக்கச் சொல்லு."

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள் சுண்ணாம்பு வாளியோடு போனாள். சுற்றிலும் குடும்பம் குடும்பமாகக் கல்லறைகளை வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் கால்மாட்டிலிருந்து சிலுவையை நோக்கி அடித்துக்கொண்டு வந்தாள். போன வருடங்களில் அந்தக் கறுப்பின் மேல்தான் அழுத்தி இரண்டு பூச்சு அடிப்பாள். இந்த முறை சுண்ணாம்படிக்கிற மட்டை அங்கே வந்ததும் நின்றது.

"அந்த எடத்த வுட்டுட்டியே, ஜல்தியா அடிச்சுட்டு வா" என்றாள் சவுரியம்மாள்.

"இருக்கட்டும்" என்றாள் ஞானமேரி. கறுப்பைச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்கு இடம் விட்டு, மட்டையின் நுனியால் மெதுவாகப் பூசினாள். மறுபடி வருகிறவனுக்கு இடம் தெரிய வேண்டும்.