முப்பதும் நூற்றைம்பதும்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நான் கான்ட்ராக்ட் ஆள். பொருளை எடுத்து வைக்கும் ரோபோவுக்கு இரண்டு விரல்கள், விரலுக்கொரு சர்வோ மோட்டார்; சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்பது. இரண்டும் எதிரெதிராகப் பொருத்தப்பட்டவை. அதனால், 'மூடு' என்ற ஒரே கட்டளைக்கு ஒன்று முப்பது டிகிரிக்கும், மற்றது நூற்றெண்பதில் அதைக் கழித்து நூற்றைம்பதுக்கும் போகும்படி எழுதியிருந்தேன். விரல்கள் கைகூப்புவதுபோல் மூடின.

ஆடிட் அன்று காலையில் மேனேஜர் அந்த எண்களைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மோட்டார்தானப்பா? எதுக்கு வேற வேற நம்பர்? ஆடிட்ல கேப்பாங்க, ஒரே மாதிரி போடு."

"எதிரெதிரா மாட்டியிருக்குதுங்க சார்."

அவர் கேட்கவில்லை. இரண்டுக்கும் முப்பது என்று அவரே மாற்றினார்.

ஆடிட்டுக்கு வந்தவர்கள் முன்னால் இரண்டு விரல்களும் கார் வைப்பர்போல் ஒரே பக்கம் சாய்ந்தன. ஒன்று தட்டில் மோதி முறிந்தது. அறிக்கையில் காரணம், என் கவனக்குறைவு. கையெழுத்துப் போட்டேன், வேறென்ன செய்ய?

என் எதிரே அதே வேலையைப் பார்ப்பவர் பர்மனன்ட். என்னோடு ஒரே பாலிடெக்னிக்கில் படித்தவர். அவருக்கு நீலச் சட்டை, எனக்குச் சாம்பல். கேன்டீனில்கூட எங்களுக்கு வேறு வரிசை. அதை ஒரே மாதிரி ஆக்கச் சொல்லி எந்த ஆடிட்டிலும் யாரும் கேட்டதில்லை.