என்னிடம் பாடி, டில்லியிடம் இன்ஜின்

மண்ணெண்ணெயும் துருவும் கலந்த வாசனை... எத்தனை சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது. மெஸ்ஸில் சாம்பார் சாதம் பிசையும்போதுகூட இரும்பு வாசனைதான் முதலில் வரும். ஒரகடத்தில் வேலை பார்த்த காலம் என்றாலே எனக்கு அந்தக் கைதான் ஞாபகம்.

நான் கோவில்பட்டிக்காரன். டிப்ளமோ முடித்த கையோடு அங்கே ஒரு கார் கம்பெனியில் சேர்ந்தேன். லைனில் என் வேலை, கதவுக்கு ரப்பர் மாட்டுவது. இடது பக்கக் கதவுக்கு மட்டும். கார் வரும், மாட்டுவேன், போய்விடும். ஷிப்ட் முழுக்க அதேதான். ஊரில் அம்மா எல்லோரிடமும், "எம் மவன் காரு செய்யுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு லீவு நாளில் வாலாஜாபாத் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் அந்த ஜீப்பைப் பார்த்தேன். ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட வண்டி. டயர் இல்லை, சீட் இல்லை, பானட்டைத் திறந்தால் இன்ஜினும் இல்லை. ஆனால் அந்த முகப்பு... எதுவுமே நடக்காத மாதிரி நிமிர்ந்து நின்றது.

வாங்கிவிட்டேன். ரூம்மேட்டுகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வீட்டுக்காரம்மா பரிதாபப்பட்டு, பக்கத்துக் காலி மனையில் போட்டுக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச நாளில் அவருடைய கோழிகள் அதற்குள் முட்டையிட ஆரம்பித்தன.

இன்ஜின் எங்கே என்று கடைக்காரரிடம் கேட்டதற்கு, "அத வடக்குப்பட்டு டில்லி எட்துக்கினு பூட்டான்பா" என்றார்.

வடக்குப்பட்டு பக்கத்துக் கிராமம்தான், தேடிப் போனேன். டில்லி வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். என் வயசுதான் இருக்கும். அவன் வீட்டு மாட்டுக் கொட்டகையில், சாக்கு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் ஜீப்பின் இன்ஜின்.

"இதக் குடுத்துருங்கண்ணே. வெறும் இன்ஜின வச்சு என்ன செய்யப் போறிய?"

"வெறும் பாடிய வெச்சிக்கினு நீ மட்டும் இன்னா பண்ணுவ? அத எனுக்குக் குடு."

இப்படியே மாதக்கணக்கில் போனது. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் அவனுக்குக் கடலை மிட்டாய் கொண்டுபோவேன். நன்றாகத் தின்பான், இன்ஜினைத் தரமாட்டான். அவன் ஒரு பை கத்தரிக்காயோடு என் ரூமுக்கு வருவான். நாங்கள் சமைத்துச் சாப்பிடுவோம், பாடியைத் தரமாட்டேன்.

ஒருநாள் அவன் வீட்டு வாசலில் எரிச்சல் தாங்காமல் கேட்டேன். "அப்படி என்னதான்யா இதுமேல ஆசை உமக்கு?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெரிந்த நீலக் கூரையை டில்லி காட்டினான். "தோ... அங்கதான் எங்க நெலம் இருந்துச்சு. இப்போ அதுல காரு பண்றாங்கோ. நானும் ஒண்ணு பண்ணணும்பா. எனுக்கே எனுக்குன்னு."

என் கதவு ரப்பர் கதையைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அவன் மனைவி கஸ்தூரிதான் உள்ளேயிருந்து வந்து பிரச்சினையை முடித்தாள். "ரெண்டு பேருக்கும் வோணும்றது ஒரே வண்டிதானேண்ணா? சேந்து பண்ணுங்களேன். எவ்ளோ நாளிக்கு நான் மாட்ட வெளிய கட்டிக்கினு இருக்கறது?"

அப்புறம் என்ன... பாடியை அவன் கொட்டகைக்கு இழுத்துப் போனோம், லீவு நாள் எல்லாம் வடக்குப்பட்டில்தான். வயர் பிரஷ் வைத்துத் துருவைத் தேய்த்துத் தேய்த்து இரண்டு பேருக்கும் தோள்பட்டை இறங்கிவிட்டது. கிடைக்காத பார்ட்டுக்காக எத்தனையோ கடை ஏறி இறங்கினோம். சண்டைக்கும் குறைவில்லை. ராணுவப் பச்சை நாம் அடிக்கக் கூடாது என்று தெரிந்தபின், நான் சந்தன நிறம் என்றேன், அவன் சிவப்பு என்றான். பத்து நாள் பேச்சுவார்த்தை இல்லை. கஸ்தூரி தானே போய்ச் சந்தன நிற பெயின்ட் வாங்கி வந்தாள். அவளை எதிர்த்து மட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை.

முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது கொட்டகை முழுக்கக் கறுப்புப் புகை. வெளியே கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடிக்காமல் டில்லி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அழுதானா, புகையா... இன்றுவரை கேட்டதில்லை.

அன்றே கஸ்தூரியையும் ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத் ரோட்டில் கிளம்பினோம். கன்டெய்னர் லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவே, எல்லோருக்கும் வழிவிட்டுக்கொண்டு போனோம். பாதியில் ரேடியேட்டர் கொதித்து நின்றது. ஏரிக்கரையில் உட்கார்ந்து கஸ்தூரி கொண்டுவந்திருந்த புளிசோற்றைத் தின்றோம். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வண்டிக்காகவும் காத்திருந்ததில்லை.

பிறகு எனக்குக் குஜராத்தில் நல்ல வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று டில்லி சாவியை நீட்டினான்.

"நீயே எட்துக்கினு போபா. லாரில ஏத்தி அனுப்பறேன்."

"வேண்டாம்ல, நீயே வச்சுக்க. அங்க எனக்கு நிப்பாட்ட எடமில்ல."

ஒரு நட்டைக்கூட விட்டுத்தராத இரண்டு பேர், முழு ஜீப்பையும் ஒருத்தர்மேல் ஒருத்தர் தள்ளிக்கொண்டிருந்தோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சாவியை அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஏறிவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது என்னிடம் இருப்பது எலக்ட்ரிக் கார். சத்தமே கிடையாது. பானட்டைத் திறந்தாலும் எனக்கு ஒன்றும் புரியாது. ஏதாவது என்றால் போனில் மெசேஜ் வரும், சர்வீஸ் சென்டர் ஆட்களே வந்து எடுத்துப் போவார்கள். லீவு நாளில் கை சுத்தமாக இருக்கிறது.

போன வாரம் டில்லி போன் செய்தான். "கியர்பாக்ஸ கயட்டி வெச்சிகீறேன்பா. மாட்டத் தெரில. எப்போ வர்ற?"

அந்த கியர்பாக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவான் அவன்.

டிக்கெட் போட்டுவிட்டேன்.